மருந்தடிக்கிற சிவசாமி புழு வளர்த்தது

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பூச்சி மருந்தும் புல் மருந்தும் அடிப்பது சிவசாமியின் வேலை. முதுகில் பம்ப்பை மாட்டிக்கொண்டு அவர் மலையேறினால் புழு பூச்சியெல்லாம் தாமாகவே மூட்டை கட்டிக்கொண்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் கேலி பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட மனுசன், சோற்றுக்கு ஈ மொய்க்காமல் மூடுகிற வலைக்கூடையை வீட்டு மூலையில் கவிழ்த்து அதற்குள் புழு வளர்க்கத் தொடங்கினார் என்றால் யார் நம்புவது? ஆனால் வளர்த்தார். அதுவும் சும்மா இல்லை, பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தார்.

எல்லாம் பெண்சாதி பேச்சியம்மாவால் வந்த வினை. வரிசை வீடான லயத்தின் கூரை ஒழுகுகிறது, புதுத் தகரம் போட வேண்டும் என்று சொல்லி அவள் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவள். இப்போது கூரை ஒழுகவில்லை. அதற்குக் கீழே இருக்கத்தான் ஆளில்லை. மகன் லோஜன் கொழும்பில் ஒரு சாமான் கடையில் நிற்கிறான். சிவசாமி மட்டும் புதுத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு தனியாகப் படுத்திருப்பார்.

அவள் புறப்பட்ட அன்று ஹட்டன் பஸ் நிலையத்தில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும். லயத்திலிருந்து ஹட்டன் வரைக்கும் சிவசாமி மனசுக்குள் ஒரே வசனத்தை உருப்போட்டுக்கொண்டு வந்தார். "போகாத பேச்சி. ஒழுகுனா ஒழுகிட்டுப் போகட்டும்." அவ்வளவுதான், சின்ன வசனம். பஸ் புறப்பட்டது. அவள் யன்னலால் எட்டிப் பார்த்தாள். சிவசாமி வாயைத் திறந்தார். "கொடை எடுத்தியா?" என்றுதான் வந்தது. மழையே பெய்யாத ஊருக்குப் போகிறவளிடம் குடையைக் கேட்ட ஒரே புருசன் இவராகத்தான் இருப்பார். எடுத்தேன் என்று அவளும் பையைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அங்கிருந்து வாராவாரம் வெள்ளிக்கிழமை பேசுவாள். ஒரு வெள்ளிக்கிழமை புதுக்கதை ஒன்று சொன்னாள். வேலை செய்கிற வீட்டு மேடத்தின் சின்ன மகளுக்குத் தபாலில் புழு வந்ததாம். ராஜா வண்ணத்துப்பூச்சி என்று பேராம். வலைப் பெட்டிக்குள் விட்டு, இலை போட்டு வளர்த்து, பறக்கவிட வேண்டுமாம்.

"வளக்குறது புள்ள, வேல பாக்குறது நானு," என்றாள் பேச்சியம்மா. "எல மாத்துறது, புழுக்கை கூட்டுறது எல்லாம் என் தலையில. மொதல்ல அருவருப்பாத்தான் இருந்துச்சு. பொறவு பழகிருச்சுங்க. குண்டா ஒண்ணு இருந்துச்சு, அதுக்குக் கங்காணின்னு பேர் வச்சேன். மத்ததையெல்லாம் வெரட்டிட்டு அதுதான் திங்கும்."

"பறந்துச்சா?"

"பறந்துச்சாம். எல்லாரும் உடுத்திக்கிட்டு பார்க்குக்குக் கொண்டு போனாங்க. என்னைய நீ இருந்து பிரியாணியப் போடுன்னுட்டாங்க. கதவப் பூட்டிட்டுத்தான் போவாங்க, அது எப்பவும் அப்பிடித்தான். நான் யன்னல்ல நின்னு கார் போறதப் பாத்தேன்." பிறகு சிரித்தாள். "ஆனா சும்மா சொல்லக் கூடாதுங்க, அன்னிக்குப் பிரியாணி நல்லா வந்துச்சு."

போனை வைத்ததும் சிவசாமி வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். புழுக்கை கூட்டினவள் இவள், பறக்கவிடுகிறது அவர்களா? அவள் லீவில் வரப்போகிறாள். திரும்பிப் போகவும் சேர்த்தே டிக்கெட் போட்டாயிற்று என்று மேடம் சொல்லியிருக்கிறாளாம். வரட்டும். வருகிற அன்றைக்கு நம் வீட்டில், அவள் கையாலேயே பறக்கவிட வேண்டும். அப்போதாவது அந்தப் பாழாய்ப்போன வசனம் வாயில் வருகிறதா பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டார்.

மேடம் வீட்டுப் புழுவை அவள் போனில் காட்டியபோதே அவருக்கு அது தெரிந்த முகமாக இருந்தது. மஞ்சளும் கறுப்பும் வெள்ளையுமாக வரிபோட்ட புழு. அதன் உறவுக்காரப் பயல் நம் பக்கத்திலும் உண்டு. எருக்குப் போலப் பால் வடிகிற, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற ஒரு காட்டுச் செடியில் இருப்பான். சரி என்று அந்தச் செடியைத் தேடிப் போனால், தோட்டம் முழுக்க ஒன்றுகூட இல்லை. ரோட்டோரத்தில் இல்லை, தண்ணீர் ஓடுகிற கானோரத்தில் இல்லை, கோயிலடியில் இல்லை. எப்படி இருக்கும்? வருசக்கணக்காகப் புல் மருந்தடித்து அதையெல்லாம் கருக்கினவர் யார்? சிவசாமிதான். அதுவும் மூலை முடுக்கு விடாமல் அடிக்கிறார் என்று, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் பெயர் வாங்கியவர்.

கடைசியில் றொசல்லப் பக்கம் ரயில் பாதையோரத்தில் கண்டுபிடித்தார். அங்கே அவருடைய பம்ப் போனதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், செடிகளை வேரோடு கிளப்பி உரப்பைக்குள் வைத்தார். சோற்றுக் கரியரில் இலையைப் பரப்பிப் புழுக்களை அதில் விட்டார். திரும்பி வருகிற ரயிலில் பக்கத்தில் இருந்த அம்மா கரியரைப் பார்த்து, "பகல் சோத்துக்கு என்னங்க, கீரையா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் சிவசாமி. கொட்டகலை வரும்வரை மூடியில் வைத்த கையை எடுக்கவில்லை.

செடிகளை வீட்டு வாசலோரத்து மரக்கறிப் பாத்தியில் நட்டார். புழுக்களை வலைக்கூடைக்குள் விட்டார். மறுநாள் மருந்தடித்துவிட்டு வந்து, ஆசையாக இலை பறித்துப் போட்டார். அதற்கு அடுத்த நாள் பார்த்தால் புழுக்களெல்லாம் சுருண்டு செத்துக் கிடந்தன.

இலை பழசு என்றார். குளிர் என்றார். பக்கத்து வீட்டு மீனம்மாவின் கண்பட்டுவிட்டது என்றுகூடச் சந்தேகப்பட்டார். மறுபடியும் றொசல்லைக்குப் போனார், மறுபடியும் கொண்டுவந்தார், மறுபடியும் சுருண்டு விழுந்தன. அன்றைக்குத் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோதுதான் மூக்குக்குப் பக்கத்தில் வந்த தன் கையை அவர் மணந்து பார்த்தார். சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். ஆனாலும் மருந்து வாடை. சட்டையில் வாடை, தலைமயிரில் வாடை. கொண்டுவந்ததும் நான்தான், கொன்றதும் நான்தான் என்று அவருக்கு விளங்கியது. ஐயோ சாமி என்று வாய்விட்டுச் சொன்னார். ஆயிரக்கணக்கில் கொன்றபோது வராத அழுகை, கரியரில் கொண்டுவந்த கொஞ்சப் புழுக்களுக்காக வந்தது.

மறுநாள் பெரட்டில் கண்டாக்கு ஜீவராஜ் ஐயா முன்னால் போய் நின்றார்.

"ஐயா, என்னையக் கவ்வாத்துக்குப் போடுங்க."

தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குகிற வேலை கவ்வாத்து. இளவட்டங்களே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. ஜீவராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வயசுலயா? என்னாச்சு சிவசாமி?"

"மருந்து ஒத்துக்க மாட்டேங்குதுங்க. இருமல்," என்று சொல்லி, ஒரு இருமலையும் இருமிக் காட்டினார். அது அவ்வளவு நன்றாக வரவில்லை. இருந்தாலும் ஜீவராஜ் இரக்கப்பட்டார். "சரி, கொஞ்ச நாளைக்குப் போ. இருமல் போனதும் சொல்லு, நம்ம தோட்டத்துல உன்னைய மாதிரி அடிக்க ஆள் இல்ல," என்றார். அன்றிலிருந்து கண்டாக்கையாவின் தொப்பி தூரத்தில் தெரிந்தாலே சிவசாமி இருமத் தொடங்கினார். கவ்வாத்துக் கத்தி உள்ளங்கையைக் கொப்புளமாக்கியது. பழைய சட்டையைக் கொளுத்தினார். மலையிலிருந்து விழுகிற பீலித் தண்ணீரில் விறைக்க விறைக்கத் தலையைத் தேய்த்தார். வாடை போய்விட்டது என்று அவருக்கே நம்பிக்கை வந்த பிறகுதான் மூன்றாம் முறை றொசல்லைக்கு ரயில் ஏறினார்.

இந்த முறை பயல்கள் பிழைத்துக்கொண்டார்கள். பிழைத்தது மட்டுமா, தின்றார்கள் பாருங்கள், பாத்தியில் இலை நிற்கவில்லை! வேலை விட்டு வந்ததும் சிவசாமி கூடைக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு பேச்சுக் கொடுப்பார். "தின்னு ராசா, தின்னு. அம்மா வர்றா. ஏய் கங்காணி, அவனுக்கும் கொஞ்சம் விட்டுக் குடு." குண்டாக இருந்த ஒன்றுக்கு இங்கேயும் அந்தப் பெயர்தான்.

இதையெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் மீனம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். லயத்துக் காம்பரா வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு பெரிய இடைவெளி இருக்கும். இந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். மீனம்மாவின் புருசன் கொழும்பில் வேலை, அவளும் தனியாகத்தான் இருந்தாள். கொழுந்தெடுத்துவிட்டு வந்தால் அவளுக்கும் சுவரைத் தவிரப் பேச்சுத் துணை இல்லை. ஆனால் அவளும் பேச்சியம்மாவும் பேசுவதில்லை. ஒரு கோழி முட்டையால் வந்த சண்டை.

பேச்சியம்மாவின் கோழி மீனம்மாவின் விறகுக்குவியலில் போய் முட்டையிட்டது. "என் வெறகுல இட்டா என் முட்டை" என்றாள் மீனம்மா. "கோழி யாருதோ முட்டையும் அவங்களுது" என்றாள் பேச்சியம்மா. இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது, அதுதான் சிக்கல். லயமே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. கடைசியில் முட்டை கைதவறி உடைந்தது, சண்டை உடையவில்லை. அவள் வாசப்படியை மிதித்தால் என் பேரை மாத்திக்கிறேன் என்று பேச்சியம்மா சத்தியம் பண்ணிவிட்டுத்தான் வெளிநாடு போனாள்.

பேச்சியம்மா வருகிற நாள் நெருங்கியது. ஒரு நாள் சிவசாமி கவ்வாத்து விட்டு வந்து கூடையைத் தூக்கினால், உள்ளே வெறும் காம்புதான் இருந்தது. வலையின் மூலையில் எலி கடித்த ஓட்டை. கூடு கட்டுகிற பருவம் வந்ததும் இந்தப் பயல்கள் உயரமான இடம் தேடி ஊரத் தொடங்குவார்கள் என்று பேச்சியம்மா சொன்னது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அரிசி வாளிக்குள் பார்த்தார். காலில் போடுகிற சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டினார். பெண்சாதியின் சேலைப் பெட்டியைக் கொட்டினார். இரண்டு நாள் தேடியும் ஒன்றுகூட இல்லை. பேச்சி வருகிறாளே, இப்போது என்னத்தைக் காட்டுவேன் என்று கூடையை மறுபடியும் கவிழ்த்துப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கூச்சல்.

"ஐயோ! யாராச்சும் வாங்க! எனக்குச் செய்வினை வச்சிட்டாங்க!"

சிவசாமி ஓடினார், லயமே ஓடியது. மீனம்மா வீட்டுக்குள், சாமிப்பட மாடத்தின் கீழே, கலண்டரின் அடியில், உடுப்புக் காயப்போடுகிற கொடிக்கயிற்றில் என்று அங்கங்கே பச்சைப் பச்சையாக ஏதோ தொங்கியது. ஒவ்வொன்றிலும் பொட்டுப் பொட்டாகத் தங்க நிறம் மினுங்கியது. சிவசாமிக்கு உயிர் வந்தது. அட, என் ராசாக்களே, இங்கேயா வந்து தொங்குகிறீர்கள்! சொல்லிவிட வாயெடுத்தார்.

"எல்லாம் அவ வேலதான்!" என்று மீனம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வெளிநாட்டுலருந்து மந்திரம் அனுப்பியிருக்கா! இந்தாளும் நாலஞ்சு நாளா சுவத்தோரம் குந்தி ராசா, கங்காணின்னு என்னமோ ஓதிக்கிட்டுத்தான் இருந்தாரு, நான் என் காதால கேட்டேன்!"

இதற்கு மேல் எப்படிச் சொல்வது? எடுத்த வாயைச் சிவசாமி மூடிக்கொண்டார். புழு என்று சொன்னால், அடுத்த நிமிசம் மீனம்மாவின் விளக்குமாறு எல்லாவற்றையும் கூட்டி அள்ளிவிடும். அதையும் அவர் யோசிக்காமல் இல்லை.

கோயில் பூசாரி வீரய்யாவைக் கூட்டிவந்தார்கள். வீரய்யா மந்திரித்துப் புதைத்த தேசிக்காய் எடுத்திருக்கிறார், ஊசி குத்திய பொம்மை எடுத்திருக்கிறார். தங்கப்பொட்டு வைத்த செய்வினையை அவர் கண்டதில்லை. உடுக்கோடு ஜோராக உள்ளே போனவர், கலண்டரில் தொங்கியது இலேசாக ஒருதரம் அசைந்ததும் இரண்டு எட்டில் வெளியே வந்துவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"இது பெரிய எடம்," என்றார். "யாரும் கை வைக்கப்படாது. அடுத்த சனிக்கிழம வரைக்கும் தொங்குற எடத்துலயே தொங்கட்டும். அன்னிக்கு வந்து நான் முறையா எறக்குறேன்." தட்சணையாகக் கட்டி வைத்திருந்த கோழியைக்கூட எடுக்காமல் போய்விட்டார். வீரய்யா கோழியை விட்டுப் போனதைப் பார்த்த பிறகுதான் லயத்துக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது.

அந்தச் சனிக்கிழமைதான் பேச்சியம்மாவும் வருகிறாள். சிவசாமிக்கு இது நல்லதாகத்தான் பட்டது. இனி ஒருத்தரும் தொட மாட்டார்கள். ஆனால் அன்று மாலையும் மறுநாள் மாலையும் மீனம்மா வீட்டுக்குள் போகாமல், வாசலில் மூன்று கல்லை வைத்து, பனிக்குள் நடுங்கிக்கொண்டு சோறாக்கியதைப் பார்க்கப் பார்க்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் பெண்சாதிக்காக இன்னொரு பெண்ணைக் குளிரில் இருத்தலாமா? போய் அடுப்புக்கு முன்னால் நின்றார். இருமினார். இந்த இருமல் நிஜம்.

"மீனம்மா, அது செய்வினை இல்ல. நான் வளத்த புழு."

அவள் அகப்பையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "புழுவா? நீங்களா? மருந்தடிக்கிற நீங்க புழு வளத்தீங்க, அத நான் நம்பணும்?"

சிவசாமி எல்லாவற்றையும் சொன்னார். பிரியாணி, பூட்டின கதவு, யன்னல், றொசல்ல, எலி கடித்த ஓட்டை எல்லாவற்றையும். மீனம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு எழுந்து நின்று கத்தினாள்.

"அப்ப இந்தக் குளிருக்குள்ள என்னைய வாசல்ல சோறாக்க வச்சீங்க! வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"தப்புத்தான் மீனம்மா."

அவள் விறுவிறு என்று உள்ளே போனாள். சிவசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். விளக்குமாற்றுச் சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தால், அவள் கலண்டரின் முன்னால் மூக்கு முட்ட நின்று தங்கப்பொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. ஆனால் இடுப்பில் வைத்த கை இறங்கவில்லை.

"அண்ணே, கோழி யாருதோ முட்டை அவங்களுதுன்னு உங்க பொஞ்சாதி சொன்னா, ஞாபகம் இருக்கா? சரி. இதுக்குக் கோழி எது? கூட்டியாந்து காட்டுங்க பாப்போம்."

சிவசாமி என்ன செய்வார்? கோழி றொசல்லையில் எங்கேயோ பறந்துகொண்டிருக்கும்.

"என் வூட்டுல தொங்குது, என்னுது. கத்தரிச்சுக் கொண்டு போற கதையெல்லாம் வேணாம், செத்துப் போயிரும். பாக்கணும்னா அவளே இங்க வரட்டும். வாசல்ல நின்னு, மீனம்மா நான் உள்ள வரலாமான்னு வாயத் தொறந்து கேக்கட்டும்."

சனிக்கிழமை பேச்சியம்மா வந்து இறங்கினாள். மெலிந்திருந்தாள். காலில் பளபளவென்று புதுச் செருப்பு. லோஜன் விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்து, தாயை ரயில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டான். கொட்டகலை ஸ்டேசனில் அவளுடைய இரண்டு பைகளையும் தூக்கியபோது சிவசாமியின் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. லீவில் வருகிறவளுக்கு இவ்வளவு சாமானா என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் இருந்த பதற்றத்தில் அதை அப்படியே மறந்துபோனார். ஏனென்றால் காலையிலேயே சுவருக்கு மேலால் மீனம்மாவின் குரல் வந்திருந்தது. "அண்ணே, கலண்டர்ல இருக்கது கறுத்துப் போச்சு! உள்ள செறகு தெரியுது!"

பேச்சியம்மா முகம் கழுவி, பாயில் உட்கார்ந்து, புதுத் தகரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். சிவசாமி முன்னால் போய் நின்றார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம்.

"வெடிச்சிருச்சு! அண்ணே, வெடிச்சிருச்சு!"

"என்ன வெடிச்சுச்சு? அவ எதுக்கு உங்களக் கூப்புடுறா?" பேச்சியம்மாவின் புருவம் ஏறியது. "நான் இல்லாதப்ப அவ கூட என்ன பேச்சு?"

நல்ல வேளையாக இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல அவருக்கு நேரம் இருக்கவில்லை. "பேச்சி, உனக்காகப் புழு வளத்தேன். நீ பறக்கவிடணும்னு. எல்லாம் சுவரேறி அவ வூட்டுக்குப் போயிருச்சு. நீ வந்து கேட்டாத்தான் உள்ள விடுவாளாம்," என்று ஒரே மூச்சில் கொட்டினார்.

"நீங்களா? புழுவா?"

"ஆமா."

"எனக்காகவா?"

"அன்னிக்கு உன்னைய விட்டுட்டுப் போயிட்டாங்கல்ல," என்றார் சிவசாமி. "எனக்கு அது பொறுக்கல."

பேச்சியம்மா எழுந்தாள். சேலையை உதறிக் கட்டினாள். வெளியே இறங்கி மீனம்மாவின் வாசலில் போய் நின்றாள். லயம் முழுக்கக் கதவிடுக்கால் பார்த்தது.

"மீனம்மா."

"என்னா."

"நான் உள்ள வரலாமா?"

இந்த நேரத்துக்கென்று மீனம்மா நாள் கணக்காக ஒரு நீண்ட பேச்சுத் தயாரித்து வைத்திருந்தாள். முட்டையில் தொடங்கி, உடுக்கடித்தது வரைக்கும் அதில் எல்லாம் இருந்தது. பேச்சியம்மாவின் மெலிந்த கழுத்தையும் குழி விழுந்த கண்ணையும் பார்த்ததும் அது எங்கே போனதென்று தெரியவில்லை.

"செருப்பக் கழட்டிட்டு வா," என்றாள். பிறகு குனிந்து பார்த்து, "நல்லாருக்கே. அங்க வாங்கினதா?" என்று கேட்டாள்.

கலண்டருக்கு அடியில் வெறும் கூட்டைப் பிடித்துக்கொண்டு அது தொங்கியது. செம்மஞ்சள் நிறம், சிறகு நுனியில் கறுப்பும் வெள்ளைப் பொட்டும். ஆனால் சிறகெல்லாம் கசங்கிச் சுருண்டிருந்தது.

"பழுதாப் போச்சோ?" என்று மீனம்மா கலங்கினாள்.

"இல்ல, இப்பத்தானே பொறந்திருக்கு. செறகு விரிஞ்சு காயணும். யாரும் தொடாதீங்க," என்றாள் பேச்சியம்மா. புழுக்கை கூட்டியவளாயிற்றே, எல்லாம் தெரிந்திருந்தது.

சிறகு விரிந்து காய்ந்தது. காய்ந்த நேரம் பார்த்து வெளியே பனி இறங்கியது. எதிர் மலை மறைந்தது, பீலி மறைந்தது, பாத்திகூட மறைந்தது. இந்தக் குளிருக்குள் விட்டால் பறக்காது, விழுந்துவிடும், வெயில் வர வேண்டும் என்றாள் பேச்சியம்மா. கதவைச் சாத்தினார்கள். அப்புறம் என்ன செய்வது? மீனம்மா தேத்தண்ணி ஊற்றினாள். வாசப்படியையே மிதிக்க மாட்டேன் என்ற பேச்சியம்மா ஒரு கோப்பை குடித்தாள், இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கினாள். அரபு நாட்டு அடுப்பு எப்படி, மேடம் எப்படி, வெயில் எப்படி என்று மீனம்மா துளைத்தெடுத்தாள். இங்கே யார் பிள்ளை பெற்றது, யார் கோபித்துக்கொண்டு போனது என்று பேச்சியம்மா பதிலுக்குத் துளைத்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த சிவசாமியை இருவரும் சுத்தமாக மறந்துபோனார்கள்.

"அந்தக் கோழி இருக்குல்ல," என்றாள் பேச்சியம்மா திடீரென்று. "எங்க வூட்டுல அது ஒரு நாளும் இட்டதில்ல மீனம்மா. தீனி போட்டது நான், இடப்போறது உன்கிட்ட. அதுதான் எனக்கு ஆத்தரம்."

"நானும் ஒரு முட்டைக்காக அப்பிடிக் கத்தியிருக்கக் கூடாது," என்றாள் மீனம்மா. "நீ போன பொறவு சண்ட போடக்கூட எனக்கு ஆளில்ல, தெரியுமா?"

கதவிடுக்கால் ஒரு வெளிச்சக் கோடு தரையில் விழுந்தது. பேச்சியம்மா கலண்டருக்குக் கீழே விரலை நீட்டினாள். அது கொஞ்சம் யோசித்தது, பிறகு காலை மாற்றி மாற்றி வைத்து விரலில் ஏறிக்கொண்டது. மீனம்மா கதவைத் திறக்க எழுந்தாள்.

"இரு மீனம்மா, நான் தொறக்குறேன்." பேச்சியம்மா அவளைத் தடுத்தாள். "போனதுலருந்து ஒரு கதவையும் நான் தொறந்ததில்ல. அவங்க பூட்டுவாங்க, அவங்கதான் தொறப்பாங்க."

அவளே தாழ்ப்பாளை நீக்கினாள், அவளே கதவைத் தள்ளினாள். வெயில் முகத்தில் அடித்தது. விரலில் இருந்தது சிறகை ஒருதரம் விரித்து மூடியது, அப்புறம் கிளம்பியது. பாத்திக்கு மேலால், பீலிக்கு மேலால், தேயிலை மலைக்கு மேலால் போயே போய்விட்டது. பேச்சியம்மா ஓவென்று அழுதாள். மீனம்மாவும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சிவசாமி அழுததை யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைத்தார். லயமே பார்த்தது.

இந்தச் சமயத்திலா வீரய்யா பூசாரி உடுக்கோடு வர வேண்டும்? கதவு திறந்ததையும், உள்ளேயிருந்து ஒன்று வானத்துக்குப் பறந்ததையும், இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்து அழுவதையும் பார்த்தவர் அப்படியே நின்றார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"போயிருச்சு பாத்தீங்களா! சனிக்கிழமன்னு நான் சொன்னேன்ல! எங்க அந்தக் கோழி?"

அன்று மாலைக்குள் மற்றக் கூடுகளும் ஒவ்வொன்றாக வெடித்தன. எல்லாவற்றையும் பேச்சியம்மாதான் விட்டாள். ஒன்றை மட்டும் மீனம்மா கேட்டாள், கொடுத்தாள்.

பொழுது சாயும் நேரம் பேச்சியம்மா வாசல் பாத்தியில் குனிந்து நின்றாள். மிஞ்சியிருந்த செடிகளின் தளிரிலை அடியில் கடுகு கடுகாகப் புதுப் புழுக்கள். எந்தப் பூச்சியோ செடியைத் தேடி வந்து முட்டையிட்டுப் போயிருக்கிறது. பக்கத்தில் வந்து நின்ற சிவசாமியிடம் கேட்டாள்.

"இதுகளுக்கு இனி யாரு எல பறிச்சுப் போடுறது?"

"நான்தான். ஆனா இருமல் போச்சுன்னு கண்டாக்கையாவுக்குத் தெரிஞ்சிருச்சு. திங்கக்கிழமையிலருந்து மருந்தடிக்க வரச் சொல்லிட்டாரு."

"அப்ப நீங்க தொட்டா செத்துப் போயிருமே."

"ஆமா."

இதுதான் சமயம். சிவசாமி தொண்டையைச் செருமினார். போகாத பேச்சி, ஒழுகுனா ஒழுகிட்டுப் போகட்டும். இப்போது ஒழுகவும் இல்லை, அதனால் முதல் பாதி மட்டும் போதும். வாயைத் திறந்தார்.

"கொடை..." என்று வந்தது.

"என்ன கொடை?"

"இல்ல... அன்னிக்கு ஒரு கொடை கொண்டு போனியே. அது பத்திரமா அங்க இருக்கான்னு கேட்டேன்," என்றார். தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

பேச்சியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளே போய், அந்தப் பெரிய பையைத் திறந்து, அடியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு வந்தாள். பிரிக்காத குடை. விலைச்சீட்டுக்கூட அப்படியே தொங்கியது.

"கொண்டாந்துட்டேன். சீப்பு, தட்டு, செருப்பு எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன். அங்க என்னுதுன்னு ஒரு ஊசி கூட இல்ல," என்றாள். "ரெண்டு பையையும் தூக்கிட்டு வந்தீங்களே, அப்பக் கூடவா வெளங்கல? லீவுல வர்றவ யாராச்சும் கொடையையும் தூக்கிக்கிட்டு வருவாளா?"

சிவசாமி குடையை வாங்கி விலைச்சீட்டைப் பிய்த்தார். தூறல் விழத் தொடங்கியிருந்தது. விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார்.

"எனக்கு வேணாம். அந்தச் செடிக்குப் புடிங்க," என்றாள் பேச்சியம்மா.